சொல்லாமல் சொல்வதைப் படிப்பது எப்படி? தொழுவத்திலிருந்து வளவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கால்நடை வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம். செட்டிநாட்டில், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மாடு சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். காய்ச்சல் பார்த்தேன், சாணம் பார்த்தேன், மடியைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. "ஒண்ணுமில்ல ஆச்சி, நல்லாத்தான் இருக்கு" என்றேன். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி இரண்டாங்கட்டுப் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நல்லா இருக்குற மாடு இந்நேரம் படுத்து அசை போடும் தம்பி. இது காலையில இருந்து படுக்கவே இல்ல. முன்னங்காலை அகட்டி வச்சுக்கிட்டு நிக்கிது பாரு."

மறுநாள் மருத்துவர் வந்தார். அறுவை செய்தபோது மாட்டின் வயிற்றிலிருந்து ஒரு கம்பித்துண்டு வந்தது. வைக்கோலோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. உள்ளே குத்தும்போது நெஞ்சில் பாரம் படாமல் இருக்க முழங்கையை அகட்டி, முதுகைத் தூக்கி நிற்பதும், படுக்கப் பயப்படுவதும் அந்த நோயின் தெளிவான அடையாளங்கள். பாடப் புத்தகத்தில் நான் படித்தவைதான். என் கண்ணெதிரே நின்ற மாட்டில் அவற்றைப் பார்க்கத் தெரியவில்லை. ஆச்சி அந்தப் புத்தகத்தைப் படித்தவரல்ல. ஆனால் அந்த மாடு அந்த நேரத்தில் வழக்கமாக என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்க் கிராமங்களில் சுற்றினேன். வாய் பேசாத உயிர்களைப் பார்த்துப் பழகிய கண், வாய் பேசும் மனிதர்களையும் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. அப்படிக் கற்றதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். உடம்பின் நிலை, அசைவு, பார்வை, இடைவெளி, தொடுதல், வாசனை, குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் சொல்லில்லாத பேச்சுதான். காது கேளாதவர்களின் சைகை மொழி இதில் சேராது. அது இலக்கணமும் சொல்வளமும் உள்ள முழு மொழி. கையால் பேசுவதால் அதை வெறும் சைகை என்று நினைப்பது தவறு.

நம் முன்னோர் இந்த விஷயத்தைச் சின்னதாக நினைக்கவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வைத்து, உடம்பில் தெரியும் உணர்ச்சிகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வகுத்தது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு மட்டும் இரண்டு இடங்களில் வருகிறது. அரசவையில் நடந்துகொள்ளும் முறைக்காக 71-ஆம் அதிகாரம், காதலுக்காக 110-ஆம் அதிகாரம்.

முதல் படி: வழக்கத்தை எழுதி வையுங்கள்

ஒரு குறிப்பைத் தனியாகப் பிடுங்கி எடுத்தால் அதற்குப் பொருள் கிடையாது. மாடு நிற்பது நோயல்ல. படுத்திருக்க வேண்டிய நேரத்தில் நிற்பதுதான் சேதி. நல்ல உடம்போடு இருக்கும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். எந்தெந்த நேரத்தில் போடும் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். மாடாக இருக்கலாம், தெருநாயாக இருக்கலாம், தொட்டிலில் கிடக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். எங்கே இருக்கிறது, நிற்கிறதா படுத்திருக்கிறதா, யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, காதும் வாலும் கையும் எப்படி இருக்கின்றன, இவற்றை மட்டும் எழுதுங்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. "கோபமாக இருக்கிறது" என்று எழுதக்கூடாது. "தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது" என்று எழுத வேண்டும். கண் பார்த்தது ஒரு பக்கம், மனம் முடிவு கட்டியது இன்னொரு பக்கம். இரண்டையும் பிரிக்கப் பழகுவதுதான் இந்த ஏழு நாளின் வேலை. முதல் மூன்று நாள் சலிப்பாக இருக்கும். நான்காம் நாள், "இந்தக் கிடாரி எப்பவும் செவலைக்குப் பின்னாடிதான் தண்ணிக்குப் போகுது" என்று உங்களுக்கே தோன்றும். அங்கேதான் படிப்பு தொடங்குகிறது.

இரண்டாம் படி: தூரத்திலிருந்து உள்ளே வாருங்கள், முகத்தைக் கடைசியில் பாருங்கள்

மனிதருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் முகத்துக்கு ஓடும் பழக்கம். மற்ற உயிர்களிடம் அது நம்மை ஏமாற்றும். முதலில் இடம்: கூட்டத்தோடு நிற்கிறதா, விலகி நிற்கிறதா? மந்தையில் விலகி நிற்கும் ஆட்டுக்கு அநேகமாக ஏதோ பிரச்சினை இருக்கும். அடுத்து பாரம்: எந்தக் காலில் அழுத்தி நிற்கிறது, முதுகு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா? பிறகு வால், பிறகு காது, பிறகு கண். வாய் கடைசி.

கோயில் படிகளில் குரங்குக்குப் பழம் நீட்டும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். குரங்கு பல்லைக் காட்டினால், "சிரிக்குது, சிரிக்குது" என்று பெற்றோரும் கைதட்டுவார்கள். நாட்டுக்குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுவது பயத்தின் அடையாளம். வாயை வட்டமாகத் திறந்து முறைத்துப் பார்ப்பது மிரட்டல். உதட்டை வேகமாகச் சப்புக்கொட்டுவதுதான் சிநேகம். நாம் பதிலுக்குப் பல் தெரியச் சிரித்து, கண்ணை நேராகப் பார்த்தால் அது வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும். கடி அப்படித்தான் விழுகிறது.

மூன்றாம் படி: ஒவ்வோர் உயிரின் பேச்சையும் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

மாட்டில் தொடங்குகிறேன். எனக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை வரை தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அங்கிருந்து சத்தமில்லாமல் போய்த் தொட்டால் உதைக்கத்தான் செய்யும். அதைக் குணக்கேடு என்று சொல்லி அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். காது தளர்ந்து தொங்கினால் நிம்மதியாக இருக்கிறது. இரண்டு காதும் விறைத்து முன்னே திரும்பினால் எதையோ கவனிக்கிறது. கண்ணில் வெள்ளை அதிகம் தெரிந்தால் மிரட்சி. கழுத்தின் அடிப்பகுதியைச் சொறிந்து கொடுத்துப் பாருங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் இடம் அது. கழுத்தை நீட்டி, காதைத் தொங்கவிட்டால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது.

வயிற்றைத் தானே உதைத்துக்கொள்வதும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பதும் வயிற்றுவலி. அதோடு இடது பக்கப் பள்ளம் நிரம்பிப் புடைத்திருந்தால் உப்புசம். அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பருவத்துக்கு வந்த மாடு 21 நாளுக்கு ஒரு முறை தன் உடம்பால் சேதி சொல்லும். கத்தும், தீனி குறையும், பால் குறையும், கண்ணாடி போல வழும்பு ஒழுகும். உறுதியான குறிப்பு ஒன்றே ஒன்று: இன்னொரு மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்று கொடுக்கும். காலையில் அதைக் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. எருமையிடம் இந்தச் சத்தமெல்லாம் இருக்காது. ஊமைப் பருவம் என்று அதைத்தான் சொல்கிறோம், கோடையில் இன்னும் மோசம். "எருமை சினையே பிடிக்கல" என்று வருத்தப்படுபவர்களிடம் நான் சொல்வது: எருமை சொல்லியிருக்கும். சன்னமாகச் சொல்லியிருக்கும். விடியற்காலையிலும் இரவிலும் போய்ப் பாருங்கள்.

காளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறாவயலிலோ அரளிப்பாறையிலோ மஞ்சுவிரட்டு பார்க்கப் போனால் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காளை எடுத்த எடுப்பில் முட்டுவதில்லை. முதலில் பக்கவாட்டில் திரும்பி நின்று, முதுகைத் தூக்கி, "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்று தன் முழு நீளத்தையும் காட்டும். பிறகு தலையைத் தாழ்த்தும், முன்னங்காலால் மண்ணை வாரி முதுகில் போடும். அதன் பிறகே நேருக்கு நேர். பக்கவாட்டில் நிற்பதைப் பார்த்து, "போயிரும், நம்ம பக்கம் திரும்பல" என்று நிம்மதியாக நிற்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். அந்தக் கட்டத்திலேயே, முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும்.

நாய்க்கு வருகிறேன். "வாலாட்டினால் நட்பு" என்பது பாதி உண்மை. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் நட்பு. கம்பி போல உயர்ந்து, நுனி மட்டும் வேகமாகத் துடிக்கும் வால் எச்சரிக்கை. 2007-ல் இத்தாலியில் 30 நாய்களை வைத்து ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தன்னை வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகம் சாய்கிறது, அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம். இதைத் தெருவில் நின்று கண்ணால் அளப்பது கடினம். தெரிந்துகொள்ள நன்றாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

தெருவில் உதவுவது வேறு. தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, தீனி இல்லாதபோது மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணோரத்தால் பார்ப்பது, இவை "எனக்குச் சங்கடமா இருக்கு, தள்ளிப் போ" என்பதன் வடிவங்கள். குழந்தை நாயைக் கட்டிப் பிடித்திருக்கும்போது நாய் இப்படிச் செய்தால் உடனே குழந்தையை விலக்குங்கள். உறுமல் இதற்குப் பிறகு வருவது. உறுமியதற்காக நாயை அடித்துப் பழக்கினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். எச்சரிக்கையை நாமே அழித்துவிடுகிறோம்.

அறிமுகமில்லாத நாய் விரைத்து நின்றால் ஓடாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொங்கவிட்டு, மரம் போல நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. சின்னப் பல் பதிவுதானே என்று விட்டுவிடக் கூடாது.

நம் தெருநாய்களைப் பற்றி ஒரு நல்ல சேதி. கொல்கத்தாவிலுள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனத்தார், எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்களுக்கு முன்னால் இரண்டு கிண்ணங்களை வைத்து, தள்ளி நின்று ஒன்றைக் கையால் சுட்டிப் பார்த்தார்கள். பயத்தில் பல நாய்கள் வரவேயில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம், கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. 2020-ல் இது வெளிவந்தது. நம்மை இத்தனை நுட்பமாகக் கவனிக்கும் ஒரு உயிர் வாசலில் படுத்துக் கிடக்கிறது. நாம் அதைத் திரும்பக் கவனிப்பது குறைவு.

பூனைக்கு ஒரு வரி போதும்: அது உங்களைப் பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறந்து காட்டுங்கள். பதிலுக்கு அதுவும் மூடித் திறந்தால் பக்கத்தில் போகலாம். ஆட்டுக்கும் முகம் தெரியும். இரண்டு புகைப்படங்களை வைத்துச் சோதித்தபோது, கடுகடுத்த முகத்தைவிடச் சிரித்த முகத்தின் பக்கமே ஆடுகள் அதிகம் போயிருக்கின்றன. கிடை போடுபவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வீட்டைத் தாண்டினால் இன்னும் இருக்கிறது. வேலியில் ஓணான் தலையை ஆட்டி, கழுத்தைச் சிவப்பாக்கி, தண்டால் எடுப்பது தன் எல்லையைக் காக்கும் ஆணின் அறிவிப்பு. சிறுவர்கள் அதைக் கேலி என்று எண்ணிக் கல்லால் அடிப்பதைத் தடுத்து, அது என்ன சொல்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு பாம்புகள் பாதி உடம்பை நிமிர்த்திப் பின்னிப் பிணைவதைப் பார்த்தால், "சாரையும் நல்லதும் சேருது" என்று துணி விரிப்பவர்கள் நம் பக்கம் இன்னமும் உண்டு. பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள். நடப்பது மல்யுத்தம், யார் யாரைத் தரையில் அழுத்துவது என்ற பலப்பரீட்சை. கடிப்பதுகூட இல்லை. தோற்றது போய்விடும்.

கருவேலம் புதரில் கொம்புத்தேனீ அடை கட்டியிருந்தால் நாலு முழம் தள்ளி நின்று அதன் மேல்பகுதியைப் பாருங்கள். தேனீயின் நடன மொழியைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ வயிற்றை ஆட்டியபடி நேராக ஓடி, வளைந்து திரும்பி வந்து மறுபடி ஓடும். ஓட்டத்தின் திசை பூவின் திசையையும், ஆட்டத்தின் நேரம் தூரத்தையும் சொல்லும். அடுக்குத் தேனீ இருட்டுப் பொந்தில், செங்குத்தான அடையில் ஆடுவதால், சூரியனோடு பூ இருக்கும் கோணத்தை மேல்நோக்கிய கோட்டோடு பொருத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. கொம்புத்தேனீக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிளையைச் சுற்றி விரிந்த அடையின் மேல்தளத்தில் திறந்த வெளியில் ஆடுகிறது, ஆகவே பூ இருக்கும் பக்கமாகவே நேராக ஓடிக் காட்டிவிடும்.

முடிந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு நாள் வேட்டங்குடிக்குப் போய்வாருங்கள். திருப்பத்தூரிலிருந்து பக்கம்தான். 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் அவை. நத்தைக்குத்தி நாரைகள் மரம் மரமாகக் கூடு கட்டியிருக்கும். நாரைக்குக் குரல் மிகக் குறைவு. கூட்டுக்குத் திரும்பும்போது துணையைக் கண்டால் தன் மேலலகையும் கீழலகையும் சேர்த்துத் தட்டும். காலையில் கரையில் நின்றால் மரக்கட்டைகளை உரசுவது போல அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்திலுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் மிரண்டு கூட்டைவிட்டு எழும்புவதைப் பார்த்து அவர்களாக எடுத்த முடிவு அது. குறிப்பறிதலுக்கு எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சான்றை நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: உங்களையும் அது படிக்கிறது என்பதை மறக்காதீர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது. ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் குளம்பால் எட்டுத் தட்டும். அதை வளர்த்த வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்ல, உண்மையிலேயே நம்பினார். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் ஹான்ஸ் தவறியது. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிவார். சரியான எண் வந்ததும் தன்னை அறியாமல் தலையைக் கடுகளவு நிமிர்த்துவார். குதிரை அதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறது. ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை.

இதை நான் முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் பால் கறக்கும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். இதில் மந்திரம் இல்லை. முரட்டுக் கையையும் உரத்த குரலையும் கண்டு மாடு மிரண்டால் அட்ரினலின் சுரக்கும். பால் இறங்கத் தேவையான ஆக்சிடோசினின் வேலையை அது தடுத்துவிடும். ஆகவே தொழுவத்துக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தோளைத் தளர்த்துங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். பிறகு, தினமும் சொல்லும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் படி: மனிதரைப் படிக்கும்போது இரண்டு மடங்கு கவனம்

மாட்டுக்கு நடிக்கத் தெரியாது. மனிதருக்குத் தெரியும், அதோடு ஊருக்கு ஊர் குறிப்பு மாறும். பல்கேரியாவில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள். நம் தலையசைப்போ ஆமாமும் இல்லையும் சேர்ந்த ஒன்று. "வர்றீகளா?" என்றால் தலை ஒரு பக்கம் சாயும். அது சம்மதமா, "பாப்போம்" என்பதா என்று நமக்குத் தெரியும், வெளியூர்க்காரர் திணறுவார்.

பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்தி நிற்கும் பையனை, "கண்ணைப் பாத்துப் பேச மாட்டேங்கிறான், பொய் சொல்றான்" என்று சந்தேகப்படுவதை இப்போது அடிக்கடி கேட்கிறேன். நம் ஊரில் அது மரியாதை. பொய்யைக் காட்டிக்கொடுக்கும் நிச்சயமான உடல் அசைவு என்று ஒன்று கிடையாது. ஏராளமான ஆய்வுகளை 2006-ல் சேர்த்துக் கணக்கிட்டபோது, சாதாரண மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது 54 சதவீதம்தான். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். அதேபோல, "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழி" என்று மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-ல் வெளியிட்ட சோதனைகள் ஒற்றைச் சொற்களையும் குரலையும் முகப்படங்களையும் வைத்துச் செய்தவை. விருப்பு வெறுப்பு எப்படித் தெரிகிறது என்பது மட்டுமே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்த முடியாது.

நம்பத் தகுந்த ஒன்றைச் சொல்கிறேன். 1862-லேயே துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்தது: மனமாரச் சிரிக்கும்போது உதட்டோரத்தோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும். மரியாதைக்குச் சிரிக்கும்போது பெரும்பாலும் உதடு மட்டும். இதுவும் நூற்றுக்கு நூறு அல்ல. முகப்பில் மாட்டியிருக்கும் ரங்கூன் காலத்துப் படங்களில் ஐயாவும் அப்பத்தாவும் சிரிக்கவில்லை என்பதற்காக அவர்கள் சந்தோஷமாக வாழவில்லை என்று ஆகாது. படம் எடுக்க உட்காரும் முறை அப்போது அப்படி.

செட்டிநாட்டில் கண்ணைப் பழக்க நல்ல இடங்கள் மூன்று. ஒன்று கல்யாணப் பந்தி. இலைக்கு மேல் குறுக்கே விரியும் கை "போதும்". ஆனால் அந்தக் கை இலையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இலையை ஒட்டி வந்தால் உண்மையிலேயே போதும். உயரத்தில், விரல் இடுக்கோடு நின்றால் இன்னொரு கரண்டிக்கு இடம் இருக்கிறது. நல்ல பரிமாறுபவர் அதைப் பார்த்து ஊற்றுவார். சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தம் பக்கமாக மடிப்பது நல்ல காரியம், எதிர்ப்பக்கமாக மடிப்பது கெட்ட காரியம்.

இரண்டாவது, மாட்டுச்சந்தை. விற்பவரும் தரகரும் கையின் மேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை என்பது அடிப்படை. ஆயிரமா பத்தாயிரமா என்பதை ஒற்றைச் சொல்லால் தெளிவாக்கிக்கொள்வார்கள், கணக்கு சந்தைக்குச் சந்தை மாறும். சுற்றி நாற்பது பேர் நின்றாலும் விலை இருவருக்குள்தான். நீங்கள் விரலைப் பார்க்க முடியாது. முகத்தையும் அவர்கள் கல்லாக வைத்திருப்பார்கள். காலைப் பாருங்கள். பேரம் படியப் போகிறது என்றால் பாதம் நகராது. படியாவிட்டால், கை துண்டுக்குள் இருக்கும்போதே ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இது நான் சந்தையில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணக்கு. உங்கள் சந்தையில் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, போகும் வீடு. அங்கே சொல்லுக்கு வேலையே இல்லை. போனதும் கையைப் பிடித்துக்கொள்கிறோம், பக்கத்தில் உட்காருகிறோம், கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமலே எழுந்து வருகிறோம். எவ்வளவு நேரம் கையைப் பிடித்திருப்பது? அவர்கள் பிடி தளரும் வரை. நாம் முதலில் விடக் கூடாது. இதை என் ஆத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆறாம் படி: யூகியுங்கள், பிறகு சோதியுங்கள்

குறிப்பைப் பார்த்ததும் உடனே முடிவெடுக்க வேண்டாம். குறைந்தது இரண்டு காரணங்களை யூகியுங்கள். அழும் குழந்தைக்குப் பசியாக இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம். ஒன்றைச் செய்து பார்த்து, உடம்பு தளர்கிறதா விறைக்கிறதா என்று கவனியுங்கள். தளர்ந்தால் அது சரி. விறைத்தால் அடுத்ததைச் செய்யுங்கள். பேசக்கூடிய மனிதராக இருந்தால் இன்னும் எளிது, கேட்டுவிடலாம். "முகம் வாட்டமா இருக்கே, என்னாச்சு?" என்று கேட்பது, "நீ கோபமா இருக்க, எனக்குத் தெரியும்" என்று சொல்வதைவிட நல்லது. பதிலை எழுதி வையுங்கள். எத்தனை முறை தவறாக யூகித்தீர்கள் என்பது நோட்டில் இருக்கட்டும். என் நோட்டில் நிறைய இருந்தன.

ஏழாம் படி: பேச்சு நின்றுபோனவர்களுக்காக இதையெல்லாம் பயன்படுத்துங்கள்

ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் போய்விட்டன. "ம்" என்ற ஒலி மட்டும் மிஞ்சியது. அப்படிப் பேச்சிழந்தவர்களுக்கு ஆமாம், இல்லை என்ற தலையசைப்பே சில சமயம் மாறிப்போகும். "தண்ணி வேணுமா?" என்று கேட்டு, அவர் தலையாட்டி, நான் கொடுத்து, அவர் தட்டிவிட்டு, இருவரும் அழுத நாட்கள் உண்டு. கேள்வியால் கேட்பதை நிறுத்தினேன். பொருளையே கண்ணுக்கு முன்னால் காட்டினேன். செம்பையும் போர்வையையும் இரண்டு கையில் பிடித்துக் காட்டினால் பார்வை எதில் தங்குகிறதோ அதுதான் வேண்டும்.

வலியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மறதி நோய் முற்றியவர்களின் வலியை அளக்க மருத்துவமனைகளில் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் ஆறுகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. ஆத்தாவின் நோய் வேறு என்றாலும் வீட்டில் இந்த ஐந்தையும் தினம் இரண்டு வேளை குறித்தேன். ஒரு வாரம் ஆனதும், புரட்டிப் படுக்க வைக்கும்போது மட்டும் எண் ஏறுவது தெரிந்தது. இடுப்பில் புண் தொடங்கியிருந்தது. தோல் கிழியும் முன்பே பிடித்துவிட்டோம்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மட்டும் ஒரு தவிப்பு வரும். முகப்புப் பக்கமே பார்ப்பார், இடது கை கட்டில் சட்டத்தைத் தட்டும். சிறுநீரா என்று பார்த்தோம், இல்லை. பசியா, இல்லை. யாரையாவது எதிர்பார்க்கிறாரா என்று பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினோம், தட்டுவது நிற்கவில்லை. பதினோராம் நாள் நாற்காலியில் உட்கார வைத்துத் திண்ணைக்குத் தூக்கிப் போனோம். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் தெருவில் திரும்பி வந்துகொண்டிருந்தன. கை நின்றது. தோள் இறங்கியது. கடைசி மாடு திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, "ம்" என்றார்.

பார்த்துக்கொள்ள வருகிற அம்மாவுக்காகக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். சட்டத்தைத் தேய்த்தால் சிறுநீர். புருவம் சுருங்கி மூச்சை அடக்கினால் வலி, இடது பக்கம் புரட்டவும். போர்வை நுனியைச் சுருட்டினால் குளிர். கடைசி வரி: ஆறு மணிக்கு முகப்பைப் பார்த்தால், திண்ணைக்குத் தூக்கிப் போகவும், மாடு வரும் நேரம்.